தெளிவா இருக்குங்க

கப்பலில் ஏறினால் வியாதி கரையிலேயே நின்று டாட்டா காட்டும் என்று எவனாவது நினைத்தால், அவனை விழுப்புரத்துக்கு என்னிடம் அனுப்புங்கள். வியாதிக்கு டிக்கெட் வேண்டாம், சீட் வேண்டாம். காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு வித்தவுட்டை நான் பார்த்ததே இல்லை.

என் பெயர் சவுரிராயன். சொந்த ஊர் முகையூர். விழுப்புரம் டிப்போவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, விழுப்புரத்திலேயே வீடு கட்டிக்கொண்டேன். சர்க்கரை முதலில் என் கிட்னியைத் தின்றது. அது போதாதென்று கண்ணையும் கடிக்க ஆரம்பித்தது. ஆள் நடமாட்டம் தெரியும், படி தெரியும், பஸ்ஸின் நிறம் தெரியும். எழுத்து தெரியாது.

கிட்னிக்கு வயிற்று டயாலிசிஸ். வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். மருந்துத் தண்ணீர்ப் பையை உயரத்தில் மாட்டி, வயிற்றுக்குள் இருக்கும் பழைய தண்ணீரைக் கீழே காலிப் பைக்கு இறக்கி, புதுத் தண்ணீரை ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஞாயிற்றுக்கிழமை பூசை, பொங்கல், சாவு வீடு, எதற்கும் லீவு கிடையாது. இதில் முக்கியமான வேலை ஏற்றுவதோ இறக்குவதோ இல்லை, பார்ப்பது. இறங்கிய தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கி இருந்தால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லையென்றால் ஆள் காலி. பைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குத்தான் பை இல்லாமலே எழுத்து தெரியாதே!

அந்த வேலையை என் மனைவி ஆரோக்கியசெல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் அலெக்ஸ் மெல்போர்னில் இருக்கிறான். மருமகளுக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்கு செல்விதான் போயாக வேண்டும் என்றானது. மூன்று மாதம் என்று போனாள். குழந்தை குப்புற விழட்டும் என்றார்கள். உட்காரட்டும் என்றார்கள். பிறகு மருமகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். நானும் “இருக்கட்டும், எனக்கு இன்னா கொறை?” என்று வாய் கிழியப் பேசினேன்.

அதனால் தினமும் காலையில் ஒரு ஏற்பாடு. தண்ணீரை இறக்கியதும் பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வீடியோ காலில் செல்விக்குக் காட்டுவேன்.

“தெரியுதா?”

“இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. ஆங், அப்டியே இருங்க.” கொஞ்ச நேரம் பேச மாட்டாள். அப்புறம், “தெளிவா இருக்குங்க.”

“சரி, வெச்சிடறேன்.”

“ஏங்க, நான் வேணா கெளம்பி வரட்டுங்களா?”

“எதுக்கு? இங்க நான் இன்னா படுத்துக்கினா கெடக்கறேன்? நீ கொழந்தையைப் பாரு.”

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. போனை வைத்ததும் வீடு கப்பென்று அமைதியாகிவிடும். மிக்ஸி சத்தமில்லை, திட்டுச் சத்தமில்லை. டிவியைப் போட்டால் அதில் இருப்பவர்கள் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். சில நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், “திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு” என்று கத்தும் குரலைக் கேட்டுவிட்டு வருவேன். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் போவேன்.

இந்த நேரத்தில்தான் அலெக்ஸ் கப்பலுக்குப் பதிவு செய்தான். சென்னையில் ஏறினால் விசாகப்பட்டினம் போய்த் திரும்பி வரும் சொகுசுக் கப்பல். அப்பா தனியாக இருக்கிறாரே என்று பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி. கப்பல்காரர்கள் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்கள். கப்பலில் டாக்டர் உண்டு, டயாலிசிஸ் கிடையாது. மருந்துப் பைகளை நாமே கொண்டுவர வேண்டும். இன்னொன்று, இந்த வேலை தெரிந்த ஒரு துணை கட்டாயம் கூட வர வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் “அப்ப உடம்பு முடியலையா? நான் வர்றேன்” என்று செல்வி ஆரம்பிப்பாள். அது மட்டுமில்லை. கப்பலில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் இருப்பார்கள், நாலு பேர் பேசுவதையாவது காதால் கேட்கலாம் என்ற ஆசையும் இருந்தது. உள்ளதைச் சொல்ல எனக்கென்ன?

துணைக்கு முருகையனைப் பிடித்தேன். நான் கண்டக்டர், அவன் டிரைவர். திண்டிவனம் பக்கத்தில் சொந்த நிலம் வைத்திருக்கிற விவசாயி வீட்டுப் பிள்ளை. அவன் கண் இருக்கிறதே, தூரத்தில் கோழி குறுக்கே வர யோசித்தாலே பிரேக் போடுவான். வீட்டுக்கு வந்து, பை மாற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டான். “இதுக்கு நம்ம வண்டி கியரு பேஜாரு புடிச்சதுடா” என்று சிரித்தான்.

கிளம்பிய அன்று காலையிலும் செல்விக்குப் பையைக் காட்டினேன். முந்தின நாளிலிருந்து வயிற்றில் லேசாக ஒரு வலி. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

“தெளிவா இருக்குங்க,” என்றாள். “கடலைப் பாத்து நல்லா காத்து வாங்கிட்டு வாங்க.”

மருந்துப் பெட்டிகளை சீட்டுக்கடியில் தள்ளி, அதன்மேல் கால் வைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸில் உட்கார்ந்தேன். திண்டிவனத்தில் முருகையன் ஏற வேண்டும். நின்றுகொண்டிருந்தான். கையில் பெட்டி இல்லை. லுங்கியில் நின்றிருந்தான், காலெல்லாம் செம்மண்.

“சவுரி, தப்பா நெனைக்காதடா. மல்லாட்ட புடுங்க ஆளு கெடைக்காம அலைஞ்சிக்கினு இருந்தேன் இல்ல, இன்னிக்குத் திடீர்னு வந்து எறங்கிட்டாங்கடா. இத உட்டா மழை புடிச்சிக்கும், எல்லாம் மண்ணுலயே மொளைச்சிப் போயிடும்.”

என்ன சொல்ல முடியும்? வேர்க்கடலை பிடுங்கும் ஆளை அனுப்பிவிட்டு என்னோடு கப்பலில் வா என்று சொன்னால் நான் மனுஷனா? “போடா, போய் வேலையப் பாரு. நான் சமாளிச்சிக்குவேன்” என்றேன். ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பையைத் திணித்தான். வேகவைத்த மல்லாட்டை, இன்னும் சூடாக இருந்தது. கிட்னி போனவனுக்கு மல்லாட்டை ஆகாது என்பது அவனுக்குத் தெரியாது. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவள் உரித்துத் தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். விழுப்புரத்துக்கே திரும்பிவிடலாமா என்று அச்சிறுபாக்கம் வரைக்கும் யோசித்தேன். திரும்பிப் போனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

துறைமுகத்தில் ஒரு பெண் கேட்டாள், “சார், உங்ககூட வர்றவர் எங்க?”

கூட்டம் நெருக்கும்போது கண்டக்டர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு பொய் உண்டு. பின்னாலேயே காலி வண்டி வருது, அதில் ஏறிக்குங்க என்போம். ஒரு வண்டியும் வராது. ஆனால் ஜனங்கள் நம்புவார்கள். அதே முகத்தை வைத்துக்கொண்டு, “பின்னாலயே வர்றாரும்மா” என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

எனக்குக் கொடுத்த அறையில் ஜன்னல் இல்லை. சட்டை மாட்டும் கம்பியில் பையை மாட்டி, தரையில் காலிப் பையை வைத்து, தடவித் தடவி வேலையை முடித்தேன். கை பழகிய வேலை, பயமில்லை. முடித்துவிட்டுப் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. கரை தாண்டினால் இருக்காதாம். பணம் கட்டினால் நெட் கிடைக்கும் என்றார்கள், கட்டினேன். செல்வியின் முகம் வரவே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு மண்டபத்தில் வாசலிலேயே ஒருவன், “எத்தனை பேர் சார்?” என்றான். “ஒருத்தன்.” அவன் தலையை எட்டிப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். பிறகு தூணுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையில் உட்கார வைத்தான். எதிர் நாற்காலியை வேறு யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு பேர் பேசுவதைக் கேட்கலாம் என்று வந்தேன் இல்லையா? கேட்டேன். இந்தி பேசினார்கள், இங்கிலீஷ் பேசினார்கள், பாட்டு போட்டு ஆடினார்கள். என்னிடம் ஒரு பிறவி பேசவில்லை.

மறுநாள் காலையில் வலி கூடியது. உடம்பு லேசாகச் சுட்டது. இறங்கிய தண்ணீர்ப் பையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளையாகத் தெரிந்தது. சுவரும் வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், அப்படியேதான். கலங்கியிருப்பது பையா, என் கண்ணா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். கண் இருக்கிற ஒரு மனுஷன் ஒரே ஒரு தடவை பார்த்துச் சொன்னால் போதும்.

கப்பல் டாக்டரிடம் நேரே போகலாமே என்பீர்கள். போனால் முதல் கேள்வியே “துணை எங்கே?” என்பதுதான். பொய் சொல்லி ஏறியது தெரிந்தால் பாதியில் இறக்கிவிடுவார்கள், அலெக்ஸுக்குப் போன் போகும், அங்கே செல்வி வயிற்றில் அடித்துக்கொள்வாள். பை தெளிவாக இருந்தால் இவ்வளவும் வீண்தானே? முதலில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் யாரை? வயிற்றிலிருந்து இறக்கிய தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் பாருங்க சார்” என்று எவனிடம் போய் நிற்பது?

பையைத் துணிக்கடைப் பைக்குள் வைத்து மடித்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். நீச்சல் குளத்தைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். ஒருவரிடம், “சார், ஒரு நிமிஷம்” என்றேன். ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்தார் போல, கையை ஆட்டிவிட்டார். இன்னொரு குடும்பம் என்னைப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். என்ன விழுந்ததோ கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஊர்ப்பட்ட ஜனம் ஏறி இறங்கிய வண்டியில் நின்றவன், இத்தனை பேருக்கு நடுவில் ஒரு பையைக் காட்ட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன். செத்தால்கூட அறையைச் சுத்தம் செய்ய வரும் ஆளுக்குத்தான் முதலில் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், யாரிடமோ கடுப்பாகச் சொன்னது: “நீ போய்க் குடி, ஆடு, இன்னா வேணா பண்ணு. எனக்குத் தலைய சுத்திக்கினு வருது. வூட்ல இருந்திருந்தா இந்நேரம் மல்லாட்டயாச்சும் ஒடைச்சிக்கினு இருப்பேன்.”

சடாரென்று திரும்பினேன். “எந்த ஊரும்மா நீ?”

“திண்டிவனங்க. நீங்க?”

“விழுப்புரம்.”

“ஐயே, நம்மூருங்களா!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெயர் வேணி. புருஷன் உரக்கடை வைத்திருக்கிறான். உரக் கம்பெனி கடைக்காரர்களை எல்லாம் கப்பலுக்குக் கூட்டி வந்திருக்கிறது. அவன் பாருக்குப் போய்விட்டான், இவள் வாந்தியும் தானுமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேசப் பேச எனக்கு வலிகூடக் கொஞ்சம் மறந்தது. ஆனால் கை பையை விடவில்லை.

“எம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?” என்றேன். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுளிப்பாள் என்று பார்த்தேன். “எடுங்க, பாப்போம்” என்று கையை நீட்டினாள். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் கப்பல் கொடுத்த சாப்பாட்டு அட்டையை வைத்துப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாங்க இது, கேப்பைக் கஞ்சித் தண்ணியாட்டம் கலங்கலா இருக்குது. ஒரு எழுத்தும் தெரியலையே.”

“நெஜமாவா?”

“எனக்கு இன்னா பொய் சொல்ல வேண்டுதலை? எழுந்திருங்க, ஜல்தியா டாக்டர்ட்ட போலாம்.”

டாக்டர் பையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நான் கத்தினேன். எதிர்பார்த்த கேள்வியும் வந்தது. “கூட யார் வந்திருக்காங்க?”

நான் வாயைத் திறக்குமுன், “நான்தான். எங்க பெரியப்பா” என்றாள் வேணி. சத்தியம் செய்வதுபோல் அப்படி ஒரு திடமான குரல். கண்டக்டர்கள் தோற்றார்கள்.

ஊசி போட்டார்கள். அடுத்து வந்த துறைமுகத்திலிருந்து என்னை ரயிலேற்றி அனுப்பலாமா என்று யோசித்து, காய்ச்சல் இறங்கியதால் கண்காணிப்பிலேயே வைத்து, சென்னை திரும்பியதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள். “இது இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. நீங்க கப்பல் ஏறும்போதே தண்ணி கலங்கித்தான் இருந்திருக்கும். யாருமே பார்க்கலையா?” என்றார் டாக்டர்.

பார்த்தாளே. பார்த்து, தெளிவாக இருக்கிறது என்றும் சொன்னாளே.

வேணி வேளைக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். சென்னையில் இறங்கியபோது உரக்கடைக் கூட்டத்தை ஒரு வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நம்பர் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

விழுப்புரத்தில் எனக்கு வழக்கமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முருகையன் ஓடி வந்தான், தலையில் அடித்துக்கொண்டான், சாயங்காலம் மல்லாட்டை காயப்போட்டதை அள்ள வேண்டும் என்று கிளம்பிப் போனான். பிறகு செல்வியைக் கூப்பிட்டேன்.

கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. “பை கலங்கி இருந்துதாம், தெரியுமா? கெளம்பும்போதே கலங்கி இருந்துதாம். நீ தெளிவா இருக்குன்னு சொன்ன. நான் செத்துப் போயிருப்பேன்டி!” வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

“எனக்குத் தெரியவே தெரியாதுங்க. அந்தப் போன்ல எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். ஒருநாள்கூட எனக்குப் பை சரியாத் தெரிஞ்சதில்ல.”

“அப்ப அதைச் சொல்றதுதானே? தெரியலன்னு ஒரு வார்த்தை!”

“சொன்னா வேற யார்கிட்டயாச்சும் காட்டிக்குவீங்க. பக்கத்து வூட்டுல காட்டுவீங்க. அப்புறம் எனக்கு எதுக்குப் போன் பண்ணுவீங்க? நீங்க பேசறதே அதுக்குத்தானே?” மூக்கை உறிஞ்சினாள். “காலைல எல்லாரும் போயிடுவாங்க. கொழந்தை தூங்கிடும். சன்னலத் தொறந்தா ரோட்டுல ஒரு ஆளு இருக்காது. இங்க என்கிட்டப் பேச யாருங்க இருக்காங்க? பையைக் காட்டறப்ப உங்க மூஞ்சி பாதி தெரியும். அதைத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ வைத்திருந்தேன். படுக்கையில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த செல்வி சந்தைக்குப் போனால் நாலு பேரோடு சண்டை போட்டு, எட்டுப் பேரோடு சமாதானமாகி வருகிறவள்.

“வரணும்னு இருந்தா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“தெனம் கேட்டேனே. வரட்டுங்களா, வரட்டுங்களான்னு. நீங்கதான் எதுக்குன்னு கேப்பீங்க.”

“செல்வி, எனக்கு முடியல. கிட்னிக்காவ இல்ல. வூடு வூடாவே இல்ல. வந்துடு.”

அவள் அழுதாளே தவிர, வருகிறேன் என்று சொல்லவில்லை. “நான் கேட்டா புள்ளைக்கும் மருமவளுக்கும் சங்கடம். நம்மள உட்டுட்டு ஓடப் பாக்கறாங்கன்னு நெனைப்பாங்க. நீங்களே அலெக்ஸ்கிட்டச் சொல்லுங்க” என்றாள். போன் கை மாறியது.

“சொல்லுப்பா. இப்ப வலி எப்படி இருக்கு?” என்றான் அலெக்ஸ்.

பிள்ளையிடம் நான் எதையும் கேட்டதில்லை. என்னால் முடியும் என்றுதான் எல்லாத் தடவையும் சொல்லியிருக்கிறேன்.

“அலெக்ஸ், அப்பாவால தனியா இருக்க முடியலடா. அம்மாவ அனுப்பிடு.”

குழந்தைக்கு யார், மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறான் போல. அவன் யோசித்து முடிப்பதற்குள், பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்டது.

“என் பெட்டிய எங்கடா வெச்சிருக்கீங்க?”